மூன்று மாதத்துக்கு ஒரு முத்திரை

மத்தகால்பா,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மர்யூரிக்கு அப்பா எழுதுவது. கன்னி மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இருக்கிற உடம்பை இழுத்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் அங்கே சான் ஹொசேயில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். கோஸ்டா ரிகா எல்லையில் என் பேன்ட் நழுவியதை நீ பார்க்கவில்லை என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன், நேற்று உன் அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. என்ன செய்வது, ஒரு கையில் உன் அம்மா மாவும் கறியுமாக இலையில் கட்டி அவித்த நாகாதமால் பாத்திரம், இன்னொரு கையில் காப்பிப்பொடி மூட்டை, பெல்ட்டோ முதல்நாள் ராத்திரி ரிவாஸில் தங்கிய விடுதிக் கட்டிலில். டாலர் மாற்றுகிறவர்களில் ஒருவன், பெரியவரே, இங்கயே எல்லாத்தையும் அவுத்துக் காட்ட வேணாம், சுங்கக்காரர் உள்ள இருக்காரு என்றான். நானும் சிரித்துவைத்தேன், குனிந்து பிடிக்கவா முடியும், பாத்திரம் கவிழ்ந்தால் உன் அம்மா என்னை எல்லைக்கு அந்தப் பக்கமே அனுப்பியிருப்பாள்.

உண்மையைச் சொன்னால் இந்தத் தடவை ரொம்பக் களைத்துவிட்டேன். மனாகுவாவில் பஸ் மாறும்போதே முழங்கால் மடங்க மறுத்தது. லாரி வரிசைக்குப் பக்கத்தில், டீசல் புகையில், நீ அந்த நாட்டை விட்டு வெளியேறும் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வருகிற வரைக்கும் நின்றேன். நீ வந்தாய், மெலிந்திருந்தாய், நான் கேட்பதற்கு முன்னால் நீ என்னைக் கேட்டுவிட்டாய், என்னப்பா இப்படி எலும்பாயிட்டீங்க என்று. அப்புறம் மரத்தடியில் உட்கார்ந்து வாழை இலையைப் பிரித்தோம். திரும்பிப் போகும்போது அதிகாரி கேட்டால் நீ தடுமாறக் கூடாதே என்று வழக்கம்போல நான் அதிகாரி மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு, கோஸ்டா ரிகாவில என்ன பார்க்கப் போறீங்க மேடம் என்று கேட்டேன். நான் வேலை பாக்கிற வீட்டு எலியெத் அம்மாவோட மாத்திரை டப்பாவ, அப்புறம் அவங்க பாத்ரூமை, நேரமிருந்தா மாடிப்படிய என்றாய். எரிமலைன்னு சொல்லுடி என்று அதட்டினேன். அஞ்சு வருஷமா சுற்றுலாப் பயணி, ஒரு எரிமலைகூடப் பார்த்ததில்லையேப்பா என்று நீ சிரித்த சிரிப்பில் பன்றிக்கறித் துண்டு என் சட்டையில் விழுந்தது, அந்தக் கறை இன்னும் போகவில்லை, அம்மா திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அப்போதுதான் நீ சொன்னாய், இதுதாம்பா கடைசி, வக்கீல் போன் பண்ணிட்டார், அடுத்த மாசம் அங்கயே தங்குறதுக்கான குடியிருப்பு அட்டை கைக்கு வந்துடும், இனிமே மூணு மாசத்துக்கு ஒருதரம் யாரும் என்னை வெளிய தள்ள முடியாது, நீங்களும் இந்த வெயில்ல வந்து நிக்க வேணாம் என்று. அப்பாடா, என் முழங்காலுக்கு விடுதலை என்று கையைத் தட்டினேன். பிறகு பசியில்லாமலே இன்னொரு நாகாதமாலை எடுத்துத் தின்றேன், வாய் நிறைய இருந்தால் பேச வேண்டியதில்லை பார்.

வீட்டில் சொன்னதும் உன் அம்மா அழுது, மெழுகுவர்த்தி ஏற்றி, இனி பிள்ளை பயமில்லாம நேரா வீட்டுக்கே வரும், டிசம்பர் முழுக்க இருக்கும் என்று தெரு முழுவதும் சொல்லிவிட்டாள். நானும் தலையாட்டினேன். உன் சித்தப்பா ஒர்லாந்தோவும் அட்டை வாங்கிய அன்று இதையேதான் சொன்னான். முத்திரைக்காக எல்லைக்கு வந்துபோன காலத்தில் அவனை அடிக்கடி பார்த்தேன், அட்டை வந்த பிறகு ஒரு டிசம்பருக்கும் வரவில்லை. கெட்டவன் இல்லை, போன் பண்ணுகிறான், லீவு இல்லை என்கிறான், பஸ் டிக்கெட் விலை ஏறிப்போச்சு என்கிறான், எல்லாம் உண்மைதான். மூன்று மாதத்துக்கு ஒருதரம் வெளியே போய் முத்திரை வாங்கி வரச் சொல்கிற அந்தச் சட்டத்தை நான் எத்தனை திட்டுத் திட்டியிருப்பேன், ஆனால் உனக்கு ஒருநாள் லீவு வாங்கிக் கொடுத்தது அதுதான், இல்லாவிட்டால் எலியெத் அம்மாவை விட்டுவிட்டு நீ எங்கே வெளியே வந்திருக்கப் போகிறாய்.

போனில் பேசலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால் நாளைக்கு சான் ஹொசேக்குக் கிளம்புகிற பக்கத்து வீட்டு யமிலெத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எலியெத் அம்மாவைத் தனியாகத் தூக்காதே, உன் இடுப்பும் உன் அம்மா இடுப்புதான், சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அட்டை வந்ததும் பத்திரமாக வை, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வை. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், நீ போகிற கதவெல்லாம் திறக்கட்டும், இது மனசார.

நீ திரும்பிப் போக வரிசையில் நின்றபோது, சீக்கிரம் போ, கூட்டம் சேருது என்று மட்டும்தான் சத்தமாகச் சொன்னேன். சொல்லாமல் விட்டது இதுதான்: இனி யாரும் உன்னை வெளியே தள்ளாவிட்டாலும் வா, மகளே.

உன் அப்பா,
எவெலியோ