மோட்டார் நின்ற பிறகு

கொடியில் என் சேலை காய்கிறது. கரையெல்லாம் செம்மண். இந்தக் கோலத்தைப் பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். அதனால்தான் காப்பி குடித்த கையோடு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று நாச்சியாபுரத்துத் தோட்டத்துக்குத் தனியாக வந்தேன். நீங்கள் போன பிறகு இதுதான் முதல் தடவை. மகனுக்கு மனசே இல்லை. "ஒரு ராத்திரி இருந்து பாரும்மா. முடியலைன்னா பேசாம குத்தகைக்கு விட்ருவோம்" என்றான். மாதம் இரண்டு இரவு, காரைக்குடி வீட்டைப் பூட்டிவிட்டு நாம் ஓடி வந்த இடம். அதை எப்படி விடுவது? சரி என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளுக்குள் பயந்துகொண்டேதான் பஸ் ஏறினேன்.

நாம் முதன்முதலில் இங்கே தங்கிய இரவு நினைவிருக்கிறதா? டவுன் சத்தமில்லாமல் தூங்கத்தானே வந்தோம். மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானாக ஓடவைக்கும் ஆட்டோ சுவிட்சை அணைக்கச் சொன்னீர்கள். நான் தூக்கக் கலக்கத்தில் பக்கத்திலிருந்த வாசல் விளக்கை அமர்த்திவிட்டு வந்து படுத்தேன். நடுச்சாமத்தில் மோட்டார் போட்ட கூச்சலில் வேட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினீர்கள். கடலைக்காடு முழுக்கத் தண்ணீர்.

அதிலிருந்து படுக்கும்போதெல்லாம் கேட்பீர்கள்.

"ஆட்டோவ அமத்திட்டியா?"

"அமத்தியாச்சு, படுங்க."

அப்படியும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவீர்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "எம்மேல நம்பிக்கை இல்லாமத்தானே போறீக?"

"உம்மேல இருக்கு. ஒன் தூக்கத்து மேலதான் இல்ல."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாதி நாள் நான் அமர்த்தியதே இல்லை. எப்படியும் நீங்கள் போவீர்கள் என்று தெரியும்.

நேற்றும் அப்படியே படுத்துவிட்டேன். கேட்க ஆளில்லை, எனக்கும் நினைவில்லை. நாம் ஆசைப்பட்ட அதே அமைதிதான். ஆனால் பக்கத்தில் உங்கள் மூச்சுச் சத்தம் இல்லாமல் அதைத் தாங்க முடியவில்லை. விடிந்ததும் மகனை வரச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். அப்போதுதான் மோட்டார் ஓடத் தொடங்கியது.

பயப்பட ஏது நேரம்? உங்கள் டார்ச்சோடு, உங்களை மாதிரியே மோட்டாரைத் திட்டிக்கொண்டு ஓடினேன். வாய்க்கால் உடைத்துக்கொண்டு கணுக்கால்வரை சேறு. சுவிட்சை அமர்த்தினேன். கொஞ்ச நேரம் காதுக்குள் இரைச்சல். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டது: மிச்சத் தண்ணீர் வடியும் சத்தம், ஒரு தவளை, தூரத்தில் ஏதோ பறவை.

அந்த முதல் ராத்திரி நான் செய்த தப்புக்கு அழுதபோது, ஈர வேட்டியோடு தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. "அழுவாத, இங்குட்டு வந்து உக்காரு. இப்பக் கேளு, எம்புட்டு அமைதியா இருக்குன்னு."

அதே தொட்டிமேல் உட்கார்ந்து கேட்டேன். அழுகையும் வந்தது, கொஞ்சம்தான். அப்புறம் என் சேலையைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே வந்து படுத்தவள் விடியும்வரை அசையவில்லை.

காலையில் மகன் கூப்பிட்டான். "தூங்குனியாம்மா?"

"நல்லாத் தூங்குனேன். குத்தகைப் பேச்சை விட்ரு. நாளைக்குத்தான் வருவேன்."

மோட்டார் கதையை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான்.

இன்று ராத்திரி படுக்கும்போது உங்கள் கேள்வியை நானே கேட்டுக்கொள்வேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டும் வருவேன். அதற்கப்புறம் சொல்லப்போவதை இப்போதே எழுதிவைக்கிறேன்.

இந்தத் தடவை நெசமாவே அமத்தியாச்சு, படுங்க.