தொங்கும்போது இறுக்கிய போல்ட்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? என் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். ஆனால் நேற்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போன மாதம் இங்கே ஒர்க்ஷாப்பில் ஒரு பழைய காருக்குப் பின்பக்க சஸ்பென்ஷன் புஷ் மாற்றினேன். குலுக்கலைத் தாங்கும் ரப்பர் அது. நேற்று அதே கார் கடகடவென்ற சத்தத்தோடு திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தால், புது ரப்பர் நார்நாராகக் கிழிந்திருக்கிறது!

"வண்டியத் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்ட இறுக்கிட்டியா?" என்றார் ஃபோர்மேன். "சக்கரம் தரையில நின்னு எடையத் தாங்கின அப்புறமில்ல இறுக்கணும்! இல்லன்னா இறக்கினதுமே ரப்பர் முறுக்கிக்கும்."

பதினோரு வருஷமாக நான் தொங்கவிட்டுத்தான் இறுக்குகிறேன். சத்தம் என்று யாராவது திரும்பி வந்தால் ரோட்டைத் திட்டி அனுப்பிவிடுவேன். இங்கே வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நம் காருக்கும் அப்படித்தான் இறுக்கினேன்.

"பின்னாடி சத்தம் வருதுங்க" என்று நீ போனில் மூன்று முறை சொன்னாய். "உனக்கு ஓட்டத் தெரியல" என்று நான் வாயை அடைத்தேன்.

நேற்றிலிருந்து கூப்பிடுகிறேன், நீ எடுக்கவில்லை. கோபம் நியாயம்தான். இன்று ஊருக்கு வரும் ரூம் நண்பரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். காரை எடுக்காதே. பாப்பாவை பஸ்ஸில் அனுப்பு. மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து, புது புஷ் போட்டு, சக்கரம் தரையில் நிற்கும்போது இறுக்கச் சொல்.

நண்பர் கிளம்பச் செருப்பு மாட்டிக்கொண்டார். போனை மட்டும் எடு. அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று முதலிலிருந்து சொல். நான் குறுக்கே பேசமாட்டேன்.

உன் பெரிய மெக்கானிக்