அளந்து விற்கும் இணையமும் சுதாவும்

10 நவம்பர் 2009, செவ்வாய். முவைலா.

இணைய பில் வாடகையில் பாதிக்கு வந்திருக்கிறது. வளைகுடாவின் இந்தப் புதுப் புறநகரில் எங்கள் கட்டடத்துக்கு இன்னும் லைன் இழுக்கவில்லை. கம்ப்யூட்டரில் செருகும் மோடம்தான், ஓடுகிற ஒவ்வொரு எம்.பி.க்கும் காசு. பில் வந்த நாளிலிருந்து, நான்கு நாளாக, திருச்சியில் இருக்கும் தங்கை சுதாவை நான் பார்க்கவில்லை.

மாலையில் மோடம் வாங்கிய கடைக்குப் போய், பில் ஏன் இவ்வளவு என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த மலையாளி, "வீடியோதான் இழுக்குது சேச்சி. போன் கார்டு வாங்கிப் பேசுங்க" என்றார்.

"தங்கச்சிக்குக் காது கேக்காது. எங்களுக்குக் கைதான் பேச்சு."

அவர் பில்லை மெதுவாக மடித்துத் திருப்பித் தந்தார்.

வீட்டில் இவர், "வெள்ளிக்கிழமை மட்டும் பேசேன்" என்றார். இவர் சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் சுதாவின் கைப்பேச்சு முழுதாகப் புரிந்தவர்கள் அம்மாவும் நானும்தான். அம்மா மார்ச்சில் போய்விட்டாள். அப்பாவுக்குப் பாதிதான் புரியும்.

"முடியாதுங்க. சீரியல், பாட்டு எல்லாத்தையும் நிறுத்திடறேன். அவளுக்குத் தினம் பத்து நிமிஷம் வேணும்" என்றேன்.

இவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

திரையில் சுதா வந்தாள். பத்து நிமிஷம்தான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் கைகள் பறந்தன. அச்சகத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். நாளை முதல் நாளாம். வெள்ளிக்கிழமையே தெரியுமாம், எனக்காக வைத்திருந்தாளாம்.

நாளை ஏழு மணிக்கு உட்கார்ந்து, வேலை எப்படிப் போனது என்று கேட்க வேண்டும்.