உன் காது இல்லாமல் ஓடிய எஞ்சின்

இன்று காலை துவைப்பதற்காகச் சட்டையைக் கையில் எடுத்தேன். விளக்கெண்ணெய் கலந்த அந்த எரிபொருள் வாசனை முகத்தில் அடித்தது. நேற்று நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொழிற்சாலையில் இருபது வருடம் நின்றதில் என் காது போனது உனக்குத் தெரியும். பேச்சுச் சத்தத்தைக் காதுக்கருவி ஓரளவு பிடித்துத் தரும். எஞ்சின் அருகே போனால் எல்லாம் ஒரே இரைச்சல்தான். அதனால்தான் ஞாயிறுதோறும் நீ ஓட்டும் காடியில் ஏறிப் பாலம் தாண்டி, செபராங் ஜெயாவுக்கும் அப்பால் அந்தத் திடலுக்குப் போய் நம் ரேடியோ விமானத்தைப் பறக்கவிட்டபோதெல்லாம் எஞ்சினை நான் திருகினேன், சத்தத்தை நீ கேட்டாய். எரிபொருளைக் குறைத்துக் கூட்டும் ஊசியைக் கிளிக் கிளிக்காக நான் மூட மூட எஞ்சின் வேகம் ஏறும். உச்சத்தைத் தொட்டதும் நீ கையை உயர்த்துவாய். உடனே இரண்டு விரலைக் காட்டுவாய். எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகப் போக இரண்டு கிளிக் திறந்துவிட வேண்டும். "பசியோட மேல அனுப்பாதலா, பாதி வழியில நின்னுடும்" என்பாய். கெலுகோரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவன் நீ, வேறு எப்படிச் சொல்வாய்?

இருதய ஆபரேஷனுக்கு முதல் நாள் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். "நீ வர்ற வரைக்கும் நான் எஞ்சினத் தொடமாட்டேன்" என்றேன். உனக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். உனக்குக் கோபம்தான் வந்தது.

"இது நல்ல பேச்சா அந்தோணி? நான் வராட்டியும் நீ பறக்கவிடணும்."

மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

நாற்பது நாள் கழிந்ததும் உன் மனைவி விமானத்தையும் கருவிப்பெட்டியையும் என் வீட்டுக்கே கொண்டு வந்தார். "நீங்க வச்சிக்குங்கண்ணே. ஆனா அவரு இல்லாம உங்களுக்கு எப்படிக் கேக்கும்?" என்று கேட்டார். பழகிக்கொள்கிறேன் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

முதல் ஞாயிறு ஊசியைக் குத்துமதிப்பாக மூடினேன். விமானம் தென்னை உயரம் ஏறியதும் எஞ்சின் நின்றது. சத்தம் நின்றதை நான் கேட்கவில்லை. மூக்கு சரிவதைக் கண்ட பிறகுதான் தெரிந்தது. வாய்க்காலில் விழுந்து இடது இறக்கை முறிந்தது. நம்மோடு பறக்கவிடும் குமார் ஓடிப் போய் எடுத்து வந்தான்.

"இனிமே நான் செட் பண்ணித் தரேன்ணே. நீங்க பறக்க மட்டும் விடுங்க."

நல்ல மனதோடுதான் சொன்னான். ஒரு நிமிடம் சம்மதித்துவிடத்தான் தோன்றியது.

"வேணாம் தம்பி. நானே கத்துக்கிறேன்" என்றேன்.

எஞ்சினை ஒரு மரப்பலகையில் பூட்டித் திடலின் ஓரத்தில் ஓட்டினேன். காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பலகையின் பின்பக்கம் உள்ளங்கையை அழுத்தி வைத்தேன். எரிபொருள் அதிகமானால் மரம் தடதடவென்று குலுங்கியது. மூட மூட அந்த அதிர்வு நுணுகிச் சீரானது. உச்சத்தைத் தாண்டினால் சோர்ந்து தளர்ந்தது. நான் "இப்ப" என்று சொல்வேன். குமார் எஞ்சின் சுற்றை அளக்கும் தன் வேகமானியைப் பார்த்துத் தலையாட்டுவான், அல்லது உதட்டைப் பிதுக்குவான். மூன்று ஞாயிறு உதட்டைத்தான் பிதுக்கினான். ஒரு நாள் ப்ரொபெல்லர் விரல் நுனியைக் கிழித்தது. துணி சுற்றிக்கொண்டு திரும்பவும் பலகைக்குப் போனேன். ஆறாவது ஞாயிறு பத்துத் தடவை "இப்ப" என்றேன். பத்துக்கும் தலையாட்டினான்.

நேற்று உன் மனைவியையும் அழைத்துப் போனேன். ஒட்டிய இறக்கையோடுதான் விமானம். விமானத்தின் உடம்பில் கைவைத்து ஊசியை மூடினேன். உச்சம் வந்தது. இரண்டு கிளிக் திறந்தேன். பசி இருந்தால் இப்போதே தெரியட்டும் என்று மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்தேன். அதிர்வு தளரவில்லை. ஓடவிட்டேன். தென்னை உயரத்தைத் தாண்டும்போது அதன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெண்புகைக் கோடு இழுத்தபடி ஏறிக்கொண்டே போனது. எட்டு நிமிடம் சுற்றிவிட்டுப் புல்லில் சக்கரம் பட இறங்கியது.

உன் மனைவி பக்கத்தில் வந்து ஏதோ கேட்டார். கருவி பையில் இருந்ததால் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"எஞ்சின யாருண்ணே சரி பண்ணா?"

இத்தனை வருடமும் யார் இதைக் கேட்டாலும் உன்னைத்தான் கைகாட்டியிருக்கிறேன்.

"நான்தாம்மா" என்றேன்.

அவர் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நீ இல்லாத குறை எனக்குத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.