வெள்ளத்தில் நின்ற காலை

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் உங்கள் அம்மையும் சுகம். ஐப்பசி மழையில் குளம் உடைந்து, ஊரே கோயில் மண்டபத்தில் ஏறிக்கொண்டோம். நாலு பக்கமும் தண்ணீர். வயலுக்குள் வானம் கிடந்தது. தென்னைகள் மேகத்தில் முளைத்ததுபோல நின்றன.

இரண்டாம் நாள் காலையில் நான் வீட்டுக்கு விலக்கானேன். மாற்றுத்துணி இல்லை. யாரிடமும் சொல்லாமல் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் கல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளிரில் உடம்பு மரத்து, மண்டபம்தான் மெல்ல மிதந்து போகிறதென்று தோன்றியது.

நம் கல்யாணம் பிடிக்காமல் இத்தனை நாளும் என்னோடு பேசாதிருந்த உங்கள் அம்மை பார்த்துவிட்டார்கள். தன் மூட்டையில் பொத்தி வைத்திருந்த உங்கள் கல்யாண வேட்டியை எடுத்துக் கிழித்தார்கள்.

"ஏட்டி, ஏறி வா."

"கோயிலாச்சே, அத்தை."

"வெறச்சுச் செத்தா சாமிக்குச் சந்தோசமா? ஏறி வாட்டி."

முணுமுணுத்தவர்களை அத்தை ஒரு பார்வை பார்த்தார்கள். தன் சேலையொன்றை மறைப்பாகக் கட்டி, என் துணிகளைத் தன் கையாலேயே அலசிக் காயப்போட்டார்கள்.

வெள்ளம் வடிந்து வீட்டுக்கு வந்ததும் மறுபடி பேச்சில்லை. ஆனால் இன்று நான் தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது, அடுக்களையில் இரண்டு இலை போட்டு, சாப்பிடாமல் காத்திருந்தார்கள்.

இப்படிக்கு,
உங்களவள்