கடலில் இறங்குபவர்களுக்கு ஒரு கண்ணாடி

அன்புள்ள அக்கா,

இன்று காலை மகளின் நீச்சல் வளையத்தை ஊதினேன். புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் இப்போது நான் இருக்கும் ரவுண்ட் ராக் ஊர் மறந்துபோய், ஹூஸ்டனில் நாம் வேலை பார்த்த கூடம் கண்முன் வந்து நின்றது.

விண்கலம் இடம் தவறிக் கடலில் இறங்கிவிட்டால், ஆள் வந்து மீட்கும்வரை விண்வெளி வீரர்கள் உயிரோடு இருக்க வேண்டுமே, அதற்கான பைகளை அடுக்குவது உங்கள் வேலை. மிதவைப் படகு, தண்ணீர்ப் பொட்டலம், விசில், ரேடியோ, உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடி. பையில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதும் இன்ஜினியர் நான். மதியம் உங்கள் இடியப்பத்தில் பாதியைப் பிடுங்கிக்கொள்பவளும் நான்தான்.

எடையைக் குறைக்கச் சொன்னார்கள். நான் பட்டியலிலிருந்து கண்ணாடியை எடுத்துவிட்டேன். அன்று சாப்பாட்டு மேசையில் நீங்கள் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"கண்ணாடியை ஏன் எடுத்தனீர்?"

"ரேடியோ இருக்கே அக்கா. லொகேஷனை அதுவே சென்ட் பண்ணிடும்."

"ரேடியோ பழுதானா?"

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"சண்டைக்குள்ள மன்னாரில இருந்து படகில வெளிக்கிட்டனாங்கள். நடுக்கடலில எஞ்சின் நிண்டுபோச்சு. மூண்டாம் நாள்தான் என்ர கைப்பையில முகம் பாக்கிற கண்ணாடி கிடக்கிறது ஞாபகம் வந்தது. வெயிலில பிடிச்சு ஆட்டினன். மீன்பிடிக்காரர் கண்டிட்டு வந்தவை. தம்பி அதுக்கு முதலே போயிட்டான். முதல் நாளே எனக்கு ஞாபகம் வந்திருந்தா..."

ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். உங்களுக்கு ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் கூட்டத்தில் கண்ணாடி வேண்டும் என்றேன். மேனேஜர் காரணம் கேட்டார். உங்கள் கதையைச் சொல்ல மனம் வரவில்லை. பேட்டரி தீர்ந்தாலும் தூரத்தில் இருப்பவர் கண்ணில் படும் என்று மட்டும் சொன்னேன். கண்ணாடி பைக்குத் திரும்பியது. நீங்கள் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் எனக்கென்று தனி டப்பாவில் இடியப்பம் வந்தது.

பிறகு நான் வேலை மாறி இங்கே வந்தேன். மூன்று மணி நேர டிரைவ்தான். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். போன மாதம் உங்கள் மகள் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டா."

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவளிடம் கேட்டேன், "உன் மாமா பேர் என்னம்மா?"

"எனக்கு மாமா யாரும் இல்லையே ஆன்ட்டி."

மகளிடம்கூடச் சொல்லாததை ஒரு மதியம் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அன்று ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டேன். பெயர் தெரியாமலே உங்கள் தம்பியை மனதில் வைத்திருக்கிறேன், அக்கா.