நடுரோட்டில் நின்றவருக்கு

சார்,

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலையில் நம் சிப்காட் ரோட்டில் நடந்தால் பூசணிக்காய் வாசனைதான் அடிக்கும். இன்றைக்கும் அப்படித்தான். ஒவ்வொரு கம்பெனி வாசலிலும், லாரி ஷெட் வாசலிலும் உடைத்த பூசணிக்காய் குங்குமத்தில் சிவந்து, டயர் ஏறிச் சதைந்து கிடந்தது. அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு முதலில் சாமி ஞாபகம் வரவில்லை. முருகா, மன்னிக்கணும், நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள்.

நீங்கள் ஜப்பானிலிருந்து இங்கே வந்து, நான் உங்கள் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்த புதிது. கம்பெனி கேட்டில் பூசணிக்காயைச் சுற்றி உடைத்துவிட்டு எல்லோரும் பொரியும் சுண்டலும் வாங்கப் போய்விட்டார்கள். நான் மதியச் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து பார்த்தால், பெரிய இன்ஜினியர், வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் குனிந்து, உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார்! எனக்கு உயிரே போய்விட்டது.

“அய்யய்யோ சார், கீழ போடுங்க! ஊர்க்கண்ணு பூரா அதுல தான் கீது! கையால தொடக் கூடாது!”

நீங்கள் நிமிர்ந்து, “அக்கா, பைக் வரும். விழும்” என்று உள்ளங்கையைச் சரித்துக் காட்டினீர்கள். உங்கள் டிரைவர் தாஸ் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். “நான் சர்ச்சுக்குப் போற ஆளுக்கா. எனக்கு இதுல நம்பிக்கையே கெடையாது. ஆனா நானே அதைத் தொட மாட்டேன்” என்றார். அன்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் எடுத்து உங்களுக்குச் சுற்றிப் போட்டேன். அடுப்பில் மிளகாய் வெடித்ததும் நீங்கள் இருமிக்கொண்டே எனக்கு நன்றி சொன்னீர்கள்.

போன வாரம் உங்கள் கம்பெனியில் மொழிபெயர்க்கிற பொண்ணு என் வீட்டுக்கு வந்தது. நீங்கள் உங்கள் ஊரில் காலமாகிவிட்டீர்கள் என்று சொன்னது. உடம்புக்கு முடியாமல் இருந்தாராம் என்பதற்கு மேல் அதற்கும் தெரியவில்லை. சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போய், இறந்தவர் என்று சொல்லாமல் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். யாருக்குத் தெரியும்? “அவரு ஊர்ல அதெல்லாம் பாக்க மாட்டாங்க சாமி, என் நட்சத்திரத்தையே போட்டுக்கோங்க” என்றேன். உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன். போய்ச் சேர்ந்த இடத்தில் எல்லா பாஷையும் புரியும் என்றுதான் நான் நம்புகிறேன்.

நீங்கள் வண்டி ஓட்டிய அழகைச் சொல்லாமல் உங்களைப் பற்றி என்ன எழுதுவது? வாரம் முழுக்க தாஸ் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை நானே ஓட்டுவேன் என்று கம்பெனியில் சண்டை போட்டு உத்தரவு வாங்கினீர்கள். நானும் மார்க்கெட்டுக்குப் பின்சீட்டில் வருவேன். ஏறியதிலிருந்து இறங்கும்வரை கந்த சஷ்டிக் கவசம்தான். உங்கள் ஊரில் எதிரே வருகிற வண்டிக்கு லைட் அடித்தால் ‘நீங்க முதல்ல போங்க’ என்று அர்த்தமாம். இங்கே லைட் அடித்தால் ‘நான் வர்றேன், நீ ஒதுங்கு’. நீங்கள் மரியாதையாக லைட் அடிப்பீர்கள், எதிரே வருகிற லாரி பயந்து நின்றுவிடும். லாரி நிற்கிறதே என்று நீங்கள் மறுபடியும் அடிப்பீர்கள். லாரிக்காரன் எட்டிப் பார்த்து, “இன்னா சார், வரியா? வரலியா? ஊட்டுக்குப் போவணும்!” என்று கத்துவான்.

பள்ளிப்பட்டுப் பக்கம் ஒருமுறை போனோமே, ரோட்டில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். நீங்கள் சாப்பாட்டின் மேல் வண்டி ஏற்ற மாட்டேன் என்று என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அந்தம்மா முறத்தோடு ஓடிவந்து, “ஏறி வா நைனா, ஏறி வா! அதுக்குத்தானே கொட்டி வெச்சிக்கீறோம்!” என்று கெஞ்சியது. நீங்கள் ஷூவைக் கழற்றுகிறவர் மாதிரி அவ்வளவு பயபக்தியாக ஏற்றினீர்கள். அந்தம்மாவுக்குத் திருப்தியில்லை. “இன்னொரு வாட்டி வா” என்றது. நீங்களும் திருப்பிக்கொண்டு போய் இன்னொரு முறை ஏற்றிவிட்டு வந்தீர்கள்.

ஹாரன் மட்டும் அடிக்க மாட்டீர்கள். அது அடுத்தவரை அதட்டுவது மாதிரி என்றீர்கள். தாஸ் உங்களிடம், “சார், இங்க ஹாரன்னா வணக்கம் மாரி” என்று சொல்லிப் பார்த்தார். நீங்கள் யோசித்துவிட்டு, “ரோடு பேஜாரு” என்றீர்கள். தமிழில் நீங்கள் சீக்கிரம் கற்றுக்கொண்ட வார்த்தை அதுதான்.

ஆள் ரோட்டைக் கடக்க நின்றால் நீங்கள் வண்டியை நிறுத்துவீர்கள். யாராக இருந்தாலும் நிறுத்துவீர்கள். எங்கள் ஊர் ஆட்களுக்கு அது புரியாது. இவர் எதற்கு நிற்கிறார், நம்மிடம் வழி கேட்கப் போகிறாரோ என்று அவர்களும் நிற்பார்கள். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையும் நின்றீர்கள்.

நான் பஸ் இறங்கி எதிர்ச்சாரியில் நின்றிருந்தேன். உங்கள் வீடு கார் வந்த பக்கம். நீங்கள் ஓட்டிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தி லைட் அடித்தீர்கள். பழக்கதோஷம், நான் ஒதுங்கினேன். மறுபடியும் அடித்தீர்கள். இன்னும் ஒதுங்கினேன். நீங்கள் சிரித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி, “அக்கா, வா, வா” என்று கையசைத்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டே நடந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே காரின் முன்னால் வந்து தாண்டியும்விட்டேன். ஓரத்துக்கு இன்னும் ஒரு எட்டுதான். நீங்கள் நின்றதால் கடுப்பாகி, காருக்கும் மண் ஓரத்துக்கும் இருந்த சந்தில் இடப்பக்கமாகப் புகுந்து வந்த பைக் என் காலில் ஏறியது.

ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்ட பையன் அவன். அவனும் விழுந்து முழங்கையெல்லாம் ரத்தம். கூட்டம் கூடிவிட்டது. உங்களுக்குத்தான் தெரியுமே, இங்கே எது பெரிய வண்டியோ அதன்மேல்தான் தப்பு. நாலைந்து பேர் உங்கள் சட்டையைப் பிடிக்க வந்தார்கள். நான் கீழே கிடந்தபடியே கத்தினேன்.

“அவரு மேல கைய வெச்சீங்க, நடக்கிறதே வேற! அவரு நின்னுகினு தான்டா இருந்தாரு!”

கூட்டத்தில் ஒருவன் கேட்டான். “அதான் கேக்கறேன், நடு ரோட்ல இன்னாத்துக்கு நின்னாரு?”

நீங்கள் அந்தக் கூட்டத்துக்கு, பைக் பையனுக்கு, எனக்கு என்று சுற்றிச் சுற்றி இடுப்பு மடியக் குனிந்து வணக்கம் வைத்துக்கொண்டே இருந்தீர்கள். அடிக்க வந்தவன் ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டான்.

காலில் மாவுக்கட்டு. நான் வீட்டில் படுத்திருந்தபோது நீங்கள் தினமும் சாயங்காலம் வந்தீர்கள். ஷூவை வாசலில் ஜோடியாகத் திருப்பி வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்காருவீர்கள். அத்திப்பட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற அந்த மனிதர் உங்களிடம் பேசியது ஒரே வார்த்தைதான், ‘டீ?’ ஒருநாள் நீங்கள் உங்கள் பாஷையில் போனிடம் ரொம்ப நேரம் பேசினீர்கள். அது ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் தமிழில் சொன்னது: “நான் நிறுத்தாமல் சென்றிருந்தால் உங்கள் கால் நன்றாக இருந்திருக்கும். நான் நின்றது தவறா?”

“எல்லாம் விதி சார். முருகன் காலோட விட்டானே” என்றேன். போன் அதை உங்கள் பாஷையில் என்னவென்று சொல்லியதோ, நீங்கள் தலையை அசைத்து மறுத்தீர்கள். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு நீங்கள் வண்டியைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வீட்டிலேயே இருந்தீர்கள். ஒருநாள் தாஸ் வந்து, “சார் ஊருக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் குடுத்துட்டாருக்கா. இருக்க வேண்டிய நாள் முடியறதுக்கு முன்னாடியே போறாராம்” என்றார். போகிறவர் போகட்டும், அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு, அதைப் பாவம் என்று மனசில் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போவாரா? அப்படிப் போனால் அங்கே போயும் யாருக்காவது நிற்பாரா?

நான் என்ன செய்வேன், எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். கால் சரியானால் சிறுவாபுரிக்கு நடந்தே வருகிறேன் என்று முருகனிடம் ஏற்கெனவே வேண்டியிருந்தேன். அன்று விளக்கு ஏற்றி, கூடவே உங்களையும் சேர்த்துவிட்டேன். நான் முன்னால் நடப்பேன், சார் பின்னால் அவர் கையாலேயே காரை ஓட்டிக்கொண்டு வருவார் என்று உங்கள் பெயரில் வேண்டிக்கொண்டேன். உங்களைக் கேட்கவில்லை. வேண்டுதலுக்கு யாரையாவது கேட்டுக்கொண்டா இருப்பார்கள்?

உங்களிடம் சொன்னபோது, “நான் ஓட்டல” என்றீர்கள்.

தாஸ்தான் காப்பாற்றினார். “சார், அக்கா உங்க பேர்ல வேண்டிக்கினு கீது. நீங்க வரலன்னா சாமி குத்தம். அதுக்குத்தான் மறுபடியும் கால் போவும்.”

“தாஸ், உங்க சாமி வேற” என்றீர்கள்.

“சாமி வேற சார். அக்கா ஒண்ணுதானே?”

நீங்கள் எழுந்துபோய் சாவியை எடுத்து வந்தீர்கள்.

கால் சரியாகி, ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். எங்கள் தெருப் பெண்கள் மஞ்சள் புடவையில் வரிசையாக நடக்க, பின்னால் உங்கள் கார் நாலு பக்கமும் விளக்கு மினுக்கிக்கொண்டு, தேர் மாதிரி ஊர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் சிப்காட்டுக்குப் போகிற வண்டிகள் எல்லாம் ஹாரன். டிப்பர் லாரிக்காரன் ஒருத்தன் தலையை நீட்டி, “யோவ், முன்னால இன்னா பொணமா போவுது?” என்றான். தாஸ் பக்கத்து சீட்டிலிருந்து, “சாமி போவுது, மூடிக்கினு வா!” என்றார். உங்களுக்கு அது பொறுக்கவில்லை. கீழே இறங்கி டிப்பர்காரனுக்குக் குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஏறினீர்கள். அவன் அசந்துபோய், “இன்னாடா இது, நம்மளைப் போயி கும்புடுறாரு” என்று ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டான். மேலும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இறங்கி இன்னொருவனுக்கு வணக்கம். இப்படியே போனால் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்று பெண்கள் சிரித்தார்கள்.

கோயில் பக்கம் திரும்ப, நாங்கள் ரோட்டைக் கடந்தாக வேண்டும். நான் ஓரத்தில் நின்றுவிட்டேன். கால் வலிக்கவில்லை, ஆனால் எடுத்து வைக்க வரவில்லை. முருகா முருகா என்கிறேன், கால் மண்ணில் ஊன்றியது ஊன்றியபடி நிற்கிறது. மற்றவர்களும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நீங்கள் அதைப் பார்த்தீர்கள். காரைச் சட்டென்று குறுக்கே சாய்த்து, மூக்கு மண் ஓரத்தை முட்டுகிற மாதிரி நிறுத்தினீர்கள். இத்தனை மாதமும் நீங்கள் யோசித்தது அந்த இடப்பக்கச் சந்தைத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அப்படியும் ஒரு பைக் நுழைகிற அளவு சந்து மிச்சம். நீங்கள் இறங்கி வந்து, அந்தச் சந்தில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றீர்கள். தாஸ் இறங்கி வலப்பக்கம் ஓடி எதிரே வந்த பஸ்ஸை மறித்தார். பைக்குகள் வந்து உங்கள் முழங்காலுக்கு முன்னால் கிறீச்சிட்டு நின்றன. கத்தினார்கள், ஹாரன் அடித்தார்கள். நீங்கள் குனியவில்லை. வணக்கமும் வைக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, சத்தமாக, “அக்கா, நட!” என்றீர்கள்.

நடந்தேன் சார்.

நீங்கள் அப்புறம் முன்னாடியே போகவில்லை. இருக்க வேண்டிய காலம் முழுக்க இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓட்டிவிட்டுத்தான் போனீர்கள். ஆனால் என் வீட்டில் அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவேயில்லை. விமானம் ஏறுகிற நாளில்கூட ஊறுகாயைப் பற்றித்தான் பேசினேன்.

இப்போது சாயங்காலம் கம்பெனி விட்டு வருகிற பெண்கள் நம் ஸ்டாப்பிங்கில் கடக்க நிற்பார்கள். எப்போதாவது ஒரு கார் அவர்களுக்காக நிற்கும். உடனே நான் ஓடிப்போய் அந்தக் காரின் இடப்பக்கச் சந்தில், காய்கறிப் பையோடு கையை விரித்து நின்றுகொள்வேன். முந்தாநாள் ஒரு பையன் பிரேக் போட்டுவிட்டுக் கத்தினான்.

“யம்மா, சாவறதுக்கு உனக்கு வேற எடமே கெடைக்கலியா?”

“கீது கண்ணு, இப்ப நேரமில்ல. அந்தப் பொண்ணுங்க போவட்டும், நில்லு.”

நின்றான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். கடைசிப் பெண் ஓரம் ஏறியபிறகுதான் கையை இறக்கினேன்.

நீங்கள் நின்றது தப்பில்லை சார். அன்றைக்கு உங்களுக்குப் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.